துக்கமில்லாத பல்லி

இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படியில் நின்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்தான். மூட்டு ஒத்துழைக்காத காரணத்தால் அந்தச் சத்தியம் அடிவாரத்திலேயே, செருப்பைக் கழற்றிவிட்டு, மலையைப் பார்த்தபடி செய்து தரப்படுகிறது. அதற்கு மேலும் சந்தேகம் இருப்பவர்கள் மல்லசமுத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, மேற்கே மூன்று மைல் நடந்து, சோளக்காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கும் மஞ்சள் வீட்டின் கிழக்குச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். சாட்சிகள் இன்னும் அந்தச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த வீட்டில் செல்லமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். சுவரில் இரண்டு பல்லிகள். ஒன்று கடிகாரத்துக்கு மேலே, ஒன்று டியூப்லைட் பட்டியின் ஓரத்தில். மாத்திரையைச் சாப்பிடலாமா என்று மனதுக்குள் கேட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். பல்லிகள் பதில் சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து, அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து மாத்திரையை அதற்குள் போட்டு மூடினார். டப்பா நன்றாகக் கனத்துவிட்டிருந்தது. எட்டு மாதமாக அவருக்கு நடக்கும் வைத்தியம் இதுதான்.

அந்தப் பக்கத்தில் பல்லியைக் கேட்பது ஒன்றும் புதிதல்ல. கிணறு வெட்டுவதா, பெண் எடுப்பதா என்று முடிவு தெரியாமல் இருப்பவர்கள் கோயிலில் போய் உட்கார்ந்து, மனதில் நினைத்துக்கொண்டு, பல்லி சொல்லும் வரை காத்திருப்பார்கள். சொன்னால் காரியத்தில் இறங்கலாம். சொல்லாவிட்டால் வேட்டியைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான். என்ன கேட்டோம் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் பலிக்காது. மற்றவர்களுக்கு இது வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் செல்லமுத்துவுக்கு அன்றாடம். ஒரு முறை சலூனுக்குக் கிளம்பியவரைப் பல்லி மூன்று வாரம் நிறுத்திவைத்து, நான்காவது வாரம் அவர் போய் இறங்கிய ஊரில் யாரோ ஒருவர் தாடியைப் பார்த்துச் சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்து தட்டில் பழம் வைத்துக் கொடுத்த சம்பவமும் உண்டு.

செல்லமுத்து முப்பத்தோரு வருஷம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். இந்தியாவில் அவர் துளை போடாத மாநிலம் இரண்டுதான் பாக்கி. அவற்றிலும் ஒன்றில் பாதி போட்டுவிட்டு, மழை வந்ததால் திரும்பியிருக்கிறார். ராஜஸ்தானில் ஆயிரத்து நானூறு அடியில் தண்ணீருக்குப் பதிலாக உயிருள்ள கெண்டைமீன் ஒன்று மேலே வந்து, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிவிட்டுத் திரும்பக் குழிக்குள்ளேயே குதித்ததைப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ரிக்காரர்கள் வீட்டுக்கு வந்த பிறகும் கத்தித்தான் பேசுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் நாளடைவில் அந்தச் சுதிக்கு வந்துவிடுவார்கள். செல்லமுத்துவின் மனைவி சென்னியம்மாள் காட்டிலிருந்து கூப்பிட்டால் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்பது குறைத்துச் சொல்லப்படும் தகவல்.

அவர் ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் காலையில் நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டு உட்காருவார். சென்னியம்மாள் சமையல்கட்டில் இருப்பாள். சில நாள் உடனே, சில நாள் பத்து நிமிஷம் கழித்து, "சொல்லிருச்சுங்க!" என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். பல்லியின் வாக்குக்கு ஒரு மனுஷ சாட்சி இருப்பது நல்லதுதானே. வாக்குக் கிடைத்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து சொந்தமாக ரிக் வாங்கலாமா என்று மூன்று நாள் தொடர்ந்து உட்கார்ந்தார்; பல்லி மூச்சுவிடவில்லை. மகன் மோகன்குமாரைப் பெங்களூருக்குப் படிக்க அனுப்பலாமா என்று உட்கார்ந்து கண்ணை மூடுவதற்குள் சொல்லிவிட்டது. சென்னியம்மாளுக்கு இஷ்டமில்லாத எந்தக் காரியத்துக்கும் அந்த வீட்டுப் பல்லிகள் வாயைத் திறந்ததே இல்லை. அந்தக் காலத்துப் பல்லிகளின் ஒழுக்கம் அப்படி.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடப்பாடியில் பழைய ரிக் கூட்டாளி ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகலாமா என்று செல்லமுத்து கேட்டார். அன்று கொஞ்சம் நேரமானது. பிறகு "சொல்லிருச்சுங்க, போய்ட்டு வாங்க" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. வழக்கமான உயரத்தில் இல்லை அந்தக் குரல். போனார். பந்தியில் உட்கார்ந்தார். தாம்பூலப் பையோடு திரும்பி வந்தபோது வாசலில் நாலைந்து செருப்புகள் கிடந்தன. காட்டுக்குள் வீடு இருப்பவர்களின் வாசலில் அத்தனை செருப்பு நல்லதற்குக் கிடக்காது. நெஞ்சுவலி என்றார்கள். காலையிலேயே இருந்திருக்கும் என்றார்கள். தாம்பூலப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாயங்காலம் வரை கையிலேயே வைத்திருந்தார்.

அன்றிலிருந்து பல்லிகள் பேசுவதில்லை. கருமாதி முடியும் வரை மரியாதைக்குச் சும்மா இருக்கின்றன என்று நினைத்தார். கருமாதி முடிந்தது. தப்பாக வாக்குக் கொடுத்த வெட்கத்தில் இருக்கின்றன என்று நினைத்தார். பிறகு அவருக்கு உண்மை புரிந்தது: முப்பது வருஷமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பல்லிகள் அல்லது அவற்றின் வாரிசுகள், அவை துக்கத்தில் இருக்கின்றன. துக்க வீட்டில் யாரைப் போய் வாக்குக் கேட்பது? ஆனாலும் கேட்காமல் ஒரு காரியம் செய்து அவருக்குப் பழக்கமில்லை. தாடி எடுக்கவில்லை. சோளம் விதைக்கவில்லை; இப்போது நிற்கும் சோளம், பக்கத்துக் காட்டுக்காரன் உழுதபோது வரப்பு தெரியாமல் உள்ளே வந்து விதைத்துவிட்டுப் போனது. காப்பி வெந்நீராக இருந்தது, குழம்பும் வெந்நீராக இருந்தது. மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு விடியும் வரை கூரையைப் பார்த்தார். டி.வி.யை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு முறை, யாரோடும் பேசி நான்கு நாளாகிவிட்டது என்று நினைவு வந்து, குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக "செல்லமுத்து" என்று தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

முதலில் நோயைக் கண்டுபிடித்தவன் சென்னியம்மாளின் தம்பி சின்னண்ணன். மாதத்துக்கு இரண்டு முறை அக்காள் வீட்டை எட்டிப் பார்ப்பவன். "மாமா, இது வெளிய பார்த்துச் செய்யற காரியமில்ல. உள்ள என்னமோ நின்னு போச்சு. நிலத்துக்குப் பாக்கற மாதிரி ஆளுக்கும் பாத்துறலாம்" என்று சொல்லிவிட்டு, நீரோட்டம் பார்க்கும் ஆண்டியைக் கூட்டி வந்தான். ஆண்டி உள்ளங்கையில் மட்டைத் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பவர்; கீழே தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். செல்லமுத்துவை நடுவாசலில் நிற்கவைத்து மூன்று சுற்றுச் சுற்றினார். நெஞ்சுக்கு நேரே வந்ததும் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது. ஆண்டி கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

"முந்நூத்தம்பது அடியில தண்ணி கெடக்குதுங்க. மூணு ஊத்துக் கண்ணு. மேல பாறைதான் கெட்டி."

செல்லமுத்துவின் உயரம் ஐந்தரை அடி. ஆனால் அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. சின்னண்ணன் தேங்காயை வாங்கிக்கொண்டு போய்ச் சட்னி அரைத்தான்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்தவன் மோகன்குமார். பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்து "சாப்டீங்களாப்பா?" என்று கேட்பான். "ஆச்சு சாமி" என்பார் இவர். கார்த்திகையில் ஊருக்கு வந்தவன், அப்பாவின் தாடியையும், சமையல்கட்டில் பூசணம் பிடித்திருந்த இட்லிப் பாத்திரத்தையும் பார்த்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவரை அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனான். மனநலம் என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார வேண்டியிருந்ததால், தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் பல் வலி என்று சொல்லிக்கொள்ளலாம் என அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசாமலே முடிவு செய்து, ஆளுக்கொரு பக்கம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்கள். டாக்டர் தூக்கம், பசி, அழுகை, எல்லாம் விசாரித்தார். யாரும் இல்லாதபோது காதில் யாராவது பேசுகிற மாதிரி இருக்கிறதா என்றார். "இல்லீங்க. அதுகூட இல்லீங்க" என்றார் செல்லமுத்து. மனச்சோர்வு, மருந்தில் குணமாகக்கூடியதுதான் என்று எழுதி அரை மாத்திரையில் ஆரம்பித்தார். அடுத்த மாதம் முன்னேற்றம் இல்லை. முழு மாத்திரை ஆயிற்று. அதற்கடுத்த மாதம் பெரிய மாத்திரை. பங்குனியில் இன்னொரு நிறத்திலும் ஒன்று சேர்ந்தது. இத்தனைக்கும் அசையாத மனச்சோர்வை டாக்டர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. அரை மாத்திரைகூட இன்னும் தொண்டைக்குள் இறங்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டபோதெல்லாம், "வேளை தவறாம எடுக்கறனுங்க" என்றே செல்லமுத்து சொன்னார். எடுக்கத்தான் செய்தார்.

டப்பா நிறைய நிறைய, அவருக்கு அதைப் பற்றி இன்னொரு யோசனையும் வந்தது. சென்னியம்மாளின் முதல் வருஷத் திதி ஆடியில் வருகிறது. அன்றைக்குப் பல்லிகளின் துக்கம் முடிந்துவிடும். அன்று காலை வழக்கமான கேள்விக்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய கேள்வியைக் கேட்டுவிட வேண்டியதுதான். அது என்ன கேள்வி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை.

தூக்கிப் பார்த்தவள் வெண்ணிலா. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் நோயாளிகளோடு பேசுவதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்டிருப்பவள்; அயோத்தியாப்பட்டணத்துக்காரி. அடுத்த மாதத்து மருந்து வாங்க செல்லமுத்து வரவில்லை, போனை எடுக்கவில்லை என்று, அந்தச் செவ்வாய்க்கு அடுத்த வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி, மூன்று மைல் நடந்து வந்து படலைத் தட்டினாள். யாரும் வரவில்லை. உள்ளே வந்து அவர் எதிரில் நின்ற பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

"வாங்க அம்மிணி. யாரு, வழி தவறிட்டீங்களா?"

"உங்களைத்தான் பார்க்க வந்தேங்கய்யா. ஆஸ்பத்திரியிலருந்து வரேன்."

என்னைத்தானா என்பது போல அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து துண்டால் இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆடியிலிருந்து அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. துடைத்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. அவள் அதில் உட்கார்ந்து, மாத்திரையெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் பார்க்கலாமா என்றாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தார். வெண்ணிலா மூடியைத் திறந்து பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை; ஆனால் டப்பாவை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"ஏங்கய்யா சாப்பிடல?"

"பல்லி சொல்லலீங்க."

வெண்ணிலா சிரிக்கவில்லை. "எங்க அம்மாவும் கேப்பாங்க. நான் இந்த வேலைக்குச் சேர்றதுக்கே எங்க வீட்டுப் பல்லிதான் கையெழுத்துப் போட்டுச்சு" என்றாள். அது போதும் செல்லமுத்துவுக்கு. எட்டு மாதமாக டாக்டரிடமும் மகனிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார்: காதுகுத்து, கொஞ்சம் நேரங்கழித்து வந்த வாக்கு, வாசலில் கிடந்த செருப்புகள்.

"அன்னைக்கு அது சொல்லாம இருந்திருந்தா நான் ஊட்டுலயே இருந்திருப்பனுங்க. இப்ப ரெண்டும் துக்கத்துல கெடக்குதுங்க. வாயே தொறக்கறதில்ல. வேணும்னாப் பாருங்க, இத்தனை நேரமா உக்காந்திருக்கறோம், சும்மாதான இருக்குது?"

வெண்ணிலா சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கடிகாரத்துக்கு மேலே இருந்ததைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவும் சும்மாதான் இருக்குதாங்கய்யா?"

"ஆமாங்க. ஊமையாட்டம்."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதி மூடினாள். என்ன எழுதினாள் என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையாவது எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

இத்தனை மாதத்தில் அவரை இப்படி யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்கள். மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டார்கள். அவர் நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் கொஞ்ச நேரம் நெம்பினார்.

"தோணுதுங்க" என்றார். "ஆனா அதுக்கும் பல்லி சொல்லோணுமல்லங்க. திதிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது. அன்னைக்குக் கேக்கலாம்னு வெச்சிருக்கறன்."

எட்டு மாதமாக அவர் மருந்து சாப்பிடாததற்குக் காரணம் அந்த இரண்டு பல்லிகள். எட்டு மாதமாக அவர் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் அதே இரண்டு பல்லிகள். வெண்ணிலா ஐந்து வருஷம் படித்த படிப்பில் இப்படி ஒரு வைத்தியம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"இது எனக்கு ஏனுங்க வந்துச்சு?" என்று கேட்டார் அவர். "சின்னண்ணன் யாரோ செய்வினை செஞ்சுட்டாங்கங்கறான்."

"இதுதான் காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாதுங்கய்யா. உங்க வீட்டம்மா போனது ஒண்ணு. யாரோடயும் பேசாம இருக்கறது ஒண்ணு. சிலருக்கு உடம்பு வாகே அப்படி இருக்கும். எல்லாம் சேர்ந்து மூளையில ஓட வேண்டியது சரியா ஓடல. யாரும் செய்யல. நீங்களும் எதுவும் தப்பு செய்யல."

செல்லமுத்து யோசித்தார். "போர் வத்துனாலும் அப்படித்தானுங்க. பக்கத்துக் காட்டுக்காரன் போட்ட போரும்பாங்க, மழையில்லைம்பாங்க, பாறை நகந்துருச்சும்பாங்க. ஒருத்தனுக்கும் தெரியாது. நாங்க குழாய எறக்கித்தான் பாப்போம்." பிறகு கேட்டார்: "இதைச் சாப்ட்டா அவ வந்துருவாளா?"

"வர மாட்டாங்க."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. "பின்ன என்னத்துக்கு?"

"ரெண்டு மூணு வாரத்துல தூக்கம் வரும். காப்பி காப்பியா இருக்கும். அவங்களை உக்காந்து நெனைக்கறதுக்காவது தெம்பு வேணுமில்லங்கய்யா?"

சோளக்காட்டில் காற்று புகுந்து வெளியேறியது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரிக்கார முதலாளியிடம் சம்பளம் பேசும் குரலில் ஒரு நிபந்தனை போட்டார்.

"துக்கமில்லாத பல்லி ஒண்ணு வேணுமுங்க. அவளத் தெரியாத பல்லி. அது சொன்னாச் சாப்படறன்."

"எங்க ஓ.பி.யில ஒண்ணு இருக்குது" என்றாள் வெண்ணிலா, கொஞ்சமும் யோசிக்காமல். "டாக்டரையே பேசவிடாது. ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கும்."

"அதுக்குத் துக்கம் எதும் இல்லீங்களே?"

"கவர்மெண்ட் பல்லிங்கய்யா. அதுக்கென்ன துக்கம்?"

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம், தசை பழக்கம் விட்டுப்போயிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. டப்பாவை அவள் எடுத்துப் போவதில் மட்டும் ஒரு இழுபறி நடந்தது. டாக்டர் முதலிலிருந்து மாற்றி எழுதுவார், பழசு ஆகாது என்று சொல்லி அவள் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் மூடும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரிடம் சொல்லிவிட்டே, அவர் எதிரிலேயே, மோகன்குமாருக்கும் சின்னண்ணனுக்கும் போன் செய்தாள். அன்று சாயங்காலம் சின்னண்ணன் கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். "ஊட்டுல அவ சண்டை தாங்கல மாமா, பத்து நாள் இங்கதான்" என்றான். அவன் மனைவி ஒரு வாரமாகத் தாய்வீட்டில் இருக்கிறாள் என்பது செல்லமுத்துவுக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மோகன்குமார் வந்தான். அப்பாவும் மகனும் இட்லிப் பாத்திரத்தைத் தேய்த்தார்கள். மூன்று பேர் இருந்தும் வீடு பெரிதாகத்தான் இருந்தது. ஞாயிறு மத்தியானம் கார் கிளம்பிப் போனபின், செல்லமுத்து போய்ப் பார்த்தபோது அந்த இன்னொரு நாற்காலியில் மறுபடியும் லேசாகத் தூசி படியத் தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரிப் பல்லியைப் பிடித்தவர் வார்டு ஊழியர் தமிழரசு. துடைப்பம், அட்டைப்பெட்டி, பத்து நிமிஷம். நிரந்தரப் பணியில் இருக்கும் ஒன்றை மாற்றல் உத்தரவு இல்லாமல் அனுப்புவது சரியா என்று அவர் கேட்டதாகவும், பெட்டியில் நான்கு துளை போட்டு "டெபுடேஷன்" என்று பேனாவால் எழுதியதாகவும் சொல்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் வெண்ணிலாவின் மடியில் இருந்த பெட்டிக்கு டிக்கெட் கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பல்லி உள்ளிருந்து மூன்று முறை சொன்னது. பஸ்ஸில் அப்போது மனதில் ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டிருந்த பதினோரு பேர் விரலால் பெட்டியைத் தட்டிவிட்டு முகம் மலர்ந்தார்கள். ஒருவர் விசில் கொடுக்கச் சொல்லி அங்கேயே இறங்கி, ஆறு வருஷமாகப் பேசாதிருந்த அண்ணன் வீட்டைப் பார்த்து நடந்தார். கண்டக்டரும் எதையோ நினைத்திருக்க வேண்டும். டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார். பல்லிகளின் பஸ் கட்டணம் குறித்து இன்றுவரை தெளிவு இல்லை.

திதிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை வெண்ணிலா வந்தாள். செல்லமுத்து குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, இரண்டு நாற்காலிகளையும் துடைத்துக் கிழக்கே பார்க்கப் போட்டிருந்தார். சின்னண்ணன் பால் வாங்கப் போயிருந்தான். அவள் பெட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்து மூடியைத் திறந்தாள். பல்லி வெளியே வந்து, வெள்ளைச் சுவரையே பார்த்துப் பழகியதோ என்னவோ, மஞ்சள் சுண்ணாம்பின் மேல் ஒரு கணம் தயங்கியது. பிறகு விறுவிறுவென்று ஏறி, கடிகாரத்துக்கும் டியூப்லைட்டுக்கும் நடுவில் போய் நின்றது. வீட்டுப் பல்லிகள் இரண்டும் ஆளுக்கொரு சாண் நகர்ந்து இடம் கொடுத்தன.

டாக்டர் மறுபடியும் அரை மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார். வெண்ணிலா அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். செல்லமுத்து கண்ணை மூடினார். அவர் உதடு அசைந்தது. மாத்திரைக்கு ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் அசைந்தது. கண்ணைத் திறந்தபோது இமை ஈரமாக இருந்தது.

"என்னங்கய்யா கேட்டீங்க?"

"வெளிய சொன்னாப் பலிக்காது அம்மிணி."

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு போனாளே தவிர, அதற்குள் இருந்த கேள்வியை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது அவரிடமே இருக்கிறது. திதி வரை பொறுக்க வேண்டியதில்லை, துக்கமில்லாத பல்லி வந்துவிட்டது, இன்றைக்கே கேட்டுவிடலாம் என்று அவர் கேட்டிருந்தால்? அரை மாத்திரையைப் பற்றித்தான் கேட்டிருந்தால்? இரண்டுக்கும் பல்லி ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். முந்நூற்றைம்பது அடி என்று ஆண்டி சொன்னது தப்பில்லை. மேலே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் வாசற்படி ஏறி உள்ளே ஒரு முழம் வந்தது. மாத்திரையின் ஓரம் வியர்வையில் கரைந்து உள்ளங்கை ரேகைகளில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையை மூடாமல், இறக்காமல், அப்படியே ஏந்தி வைத்திருந்தார். துளைக்கு மேல் குனிந்து, இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று தண்ணீருக்காகக் காத்திருக்கும் ஆளைப் போல வாய் லேசாகத் திறந்திருந்தது.

வெண்ணிலா சட்டென்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். நடுவில் இருந்த பல்லியின் தொண்டை அடங்கிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் சுவரையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்தாள்.

முப்பத்தோரு வருஷம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்ற செல்லமுத்துவின் காதுக்குப் பல்லியின் சத்தம் எட்டாமல் போய் இந்த ஆடியோடு இருபத்திரண்டு வருஷமாகிறது.